தைனான்: உப்பளம் பார்க்கப் போன தூத்துக்குடிக்காரன்

"உப்பளத்தப் பாக்கவா எய்யா இம்புட்டுத் துட்டு செலவழிச்சுப் போன?" என்று அம்மா போனில் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. அந்தக் கதை கடைசியில் வரும். முதலில் மாட்டுக்கறி சூப்.

தைவானுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இருப்பது சிஞ்சுவில். சிப் தொழிற்சாலைகளின் ஊர். பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தால் எங்காவது ஒரு தமிழ்க் குரல் காதில் விழுந்துவிடும். ஆய்வகம், விடுதி, ரைஸ் குக்கர், ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடி என்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆய்வகத்தில் பக்கத்து மேசைத் தைவான்காரன் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ எந்த நாட்டில் படிக்கிறாய்?" என்று சிரித்தான். உறைத்தது. "சாப்பிடணும்னா தைனான் போ" என்று அவனே வழியும் சொன்னான்.

தைனான் தெற்கே இருக்கிறது. தீவின் பழைய தலைநகர். 'தைவான்' என்ற பெயரே அந்த ஊரின் கடலோரப் பகுதியிலிருந்து வந்ததுதான். மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு என்று முடிவு செய்தேன். கூட வந்தவர் சேலத்து அண்ணன். எங்கள் துறையிலேயே மூத்தவர். முட்டை கூடத் தொடாத சைவம். மீனுக்கும் கறிக்கும் பேர்போன ஊருக்கு அவரையா கூட்டிப் போகிறாய் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். திரும்பி வரும்போது என்னைவிட அவர்தான் நிறையச் சாப்பிட்டிருந்தார்.

அதிவேக ரயிலில் மாணவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. எல்லா ரயிலிலும் கிடையாது. சில ரயில்களில் மட்டும், அதுவும் ரயிலுக்கு ரயில் மாறும். பாதி விலை டிக்கெட் கிடைப்பது ஆளில்லாத நேரத்து ரயில்களில்தான். மாணவர் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் போகும்போது அதில் போனோம். சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. தைனான் அதிவேக ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. வயல்வெளிக்கு நடுவே இறக்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஷாலுன் என்ற சின்ன ஸ்டேஷன் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்து இன்னும் 25 நிமிடம் போக வேண்டும். அதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஊருக்குள் காலடி வைக்கும்போது பத்தரை மணி.

நேராகச் சூப் கடைக்குப் போனோம். ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பாட்டி பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, "மெய் லெ" என்றார். தீர்ந்துபோச்சு.

தைனான் மாட்டுக்கறி சூப் விடியற்காலைச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியாது. இரவில் வெட்டிய கறி, ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் விடிவதற்குள் கடைக்கு வந்துவிடுகிறது. அதை மெல்லிசாகச் சீவி, பச்சையாகவே கிண்ணத்தில் போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றுகிறார்கள். அந்தச் சூட்டிலேயே கறி வெந்துவிடும். அதனால் நாலு, ஐந்து மணிக்கே கடை திறக்கிறது. நல்ல கடையென்றால் காலைக்குள் அண்டா காலி. நாம் ஊரில் பத்தரைக்குப் போய் இட்லி கேட்டால் கடைக்காரர் எப்படிப் பார்ப்பாரோ, பாட்டி அப்படித்தான் பார்த்தார்.

இந்த ஊரில் எங்கே சாப்பிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அண்ணன் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மணியைக் குறித்தார். விடியற்காலைக் கடை, பகல் கடை, இரவுக் கடை. அதன்பிறகுதான் காரியம் நடந்தது.

பசிக்கு முதலில் கிடைத்தது தான்சை நூடுல்ஸ். கைப்பிடி அளவுக் கிண்ணம். கொஞ்சம் நூடுல்ஸ், இறால் தலையில் எடுத்த சாறு, வதக்கி வதக்கி ஊறவைத்த பன்றிக் கறித் தூள், மேலே ஒரே ஒரு இறால், கொஞ்சம் பூண்டு. ஒரு கிண்ணம் யாருக்கும் காணாது. அதன் கதை என்னை அந்தக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டது. 1895 வாக்கில் ஹுங் யூ-தோ என்ற மீனவர், புயல் மாதங்களில் கடலுக்குப் போக முடியாமல், காவடித் தண்டு போலத் தோளில் இரண்டு பக்கமும் பாத்திரம் கட்டித் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் நூடுல்ஸ் விற்றிருக்கிறார். வருமானமில்லாத அந்த மாதங்களுக்கு 'சின்ன மாதம்' என்று பெயர். அந்தச் சின்ன மாதத்தைக் கடத்த என்று விளக்கில் எழுதித் தொங்கவிட்டார். அதுவே கடையின் பெயராகி இன்றும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் உள்ள கரையிலிருந்து வருகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தடைக்காலத்தில் பெயின்ட் அடிக்கப் போனவர்கள் உண்டு, ஐஸ் வண்டி தள்ளியவர்கள் உண்டு.

அண்ணனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவித்த கீரை கேட்டார். கீரை வந்தது, மேலே பன்றிக் கறிக் குழம்போடு. சைவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: தைவானில் 'கீரை' என்று கேட்டால் கீரை மட்டும் வராது. "வோ ச்சர் சூ", அதாவது நான் சைவம் உண்பவன், என்று சொல்ல வேண்டும். உச்சரிப்பு நம் வாயில் படாதபாடு படும் என்பதால் சீன எழுத்தில் போனில் எழுதி வைத்துக் காட்டுவதே உத்தமம்.

ஆனால் நல்ல சேதியும் இருக்கிறது. தெருவில் போகும்போது மேலே பாருங்கள். பெயர்ப் பலகையில் ஸ்வஸ்திகா இருந்தால் அது சைவ உணவகம். பௌத்த மரபில் வந்த அடையாளம். அண்ணன் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ நம்மூர் சேட்டுக் கடை என்று நினைத்தாராம். பாக்கெட் உணவிலும் சைவத்தை ஐந்து வகையாகப் பிரித்து அச்சிடுகிறார்கள்: முழுச் சைவம், முட்டை சேர்த்தது, பால் சேர்த்தது, இரண்டும் சேர்த்தது, வெங்காயம் பூண்டு வகையறா சேர்த்த சைவம். இதில் முழுச் சைவம் என்பது வெங்காயமும் பூண்டும் பாலும் இல்லாதது. "திவசத்துக்கே சமைக்கலாம் போலிருக்கேடா" என்றார் அண்ணன். அன்று மதியம் அப்படி ஒரு கடையில் தட்டை எடுத்து வேண்டியதை அள்ளி, எடை போட்டுக் காசு கொடுத்துச் சாப்பிட்டார். தோஃபுவில் மட்டும் ஆறு விதம் இருந்தது. நானும் இரண்டு கரண்டி அவர் தட்டிலிருந்து எடுத்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்தது. நடைபாதை என்று பெயருக்கு இருக்கிறது, ஆனால் அதில் ஸ்கூட்டர்கள்தான் நிற்கின்றன. கடைகளின் முன் திண்ணைக்குள் நுழைந்து, படி ஏறி, படி இறங்கி நடக்க வேண்டும். சூட்கேஸ் இழுத்துக்கொண்டு போகும் ஊர் இல்லை. விடுதியில் மூன்று மணிக்கு முன்னால் அறை தரமாட்டார்கள், பையை மட்டும் வாங்கி வைப்பார்கள். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கன்ஃபூசியஸ் கோயில் எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தது. சிவப்புச் சுவர், பெரிய மரங்கள், உட்கார இடம். வாசலில் 'தைவான் முழுவதற்கும் முதல் பள்ளி' என்ற பொருளில் நான்கு எழுத்துப் பலகை. 1665இல் கட்டியது. கட்டச் சொன்னவர் சென் யுங்-ஹுவா என்ற மந்திரி. டச்சுக்காரர்களைத் துரத்திய கொக்சிங்காவின் மகன் ஆட்சியில் காரியங்களைப் பார்த்தவர். அங்கே நின்று அவரைப் பற்றிப் போனில் தேடியபோதுதான் இன்னொரு செய்தி கண்ணில் பட்டது. அதே 1665இல் அதே மனிதர்தான் இந்தக் கரையில் கடல்நீரை வெயிலில் காயவைத்து உப்பெடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார். ஒரே வருடத்தில் பள்ளிக்கூடமும் உப்பளமும்.

எனக்கு அது வெறும் தகவலாகப் படவில்லை. என் பள்ளிக்கூட ஃபீஸ் அம்மா உப்பு வாரிக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தில் அதுவரை உப்பளம் கிடையாது. "அண்ணே, நாளைக்கு ஒரு இடம் கூடுதலா போவோமா?" என்று கேட்டேன். "எங்கடா?" என்றார். சொன்னதும் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

அங்கிருந்து சிக்கான் கோபுரம் நடக்கும் தூரம். டச்சுக்காரர்கள் 1653இல் கட்டிய ப்ரொவின்ஷியா கோட்டையின் அடித்தளத்தின்மேல் நிற்பது. வாசலில் ஒன்பது கல் ஆமைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கல்வெட்டு. சீனப் பேரரசர் சியென்லுங் காலத்தில் ஒரு கலகத்தை அடக்கியதற்காக வைத்தவை. முதுகில் எழுத்தைச் சுமக்கும் ஆமையைப் பார்த்து, ஆய்வேட்டை முடிக்காத தன்னைப் போலவே இருப்பதாக அண்ணன் சொன்னார். வெளியே வந்து குடித்த பூசணி டீ பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் வெள்ளைப் பூசணியைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் காய்ச்சி எடுக்கிறார்கள். தேயிலை ஒரு துளி கிடையாது. காசி அல்வாவைக் கரைத்து ஐஸ் போட்டதுபோல இருக்கும். அண்ணன் இரண்டு டம்ளர் குடித்தார். இந்த ஊரில் எல்லாமே இனிப்பு தூக்கல். ஒரு காலத்தில் சர்க்கரை ஏற்றுமதியில் வாழ்ந்த ஊர் என்று காரணம் சொல்கிறார்கள். நூடுல்ஸ் சாறு, சோயா சாஸ், எதைத் தொட்டாலும் நாக்கில் வெல்லம். காரத்துக்குப் பழகிய நாக்கு உள்ளவர்கள் பையில் ஒரு சின்ன டப்பா இட்லிப் பொடி வைத்துக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவுச் சந்தைக்கு நாள் கணக்கு இருக்கிறது, சந்தைக்குச் சந்தை மாறும். பெரியதான பூந்தோட்டச் சந்தை வியாழன், சனி, ஞாயிறு மட்டும். மற்ற நாட்களுக்கு வேறு சந்தைகள். ஊர்க்காரர்கள் திங்கள் முதல் ஞாயிறு வரை சந்தைப் பெயர்களின் முதல் எழுத்தைக் கோத்து "தா தா வு ஹுவா தா வு ஹுவா" என்று பாட்டுப் போல மனப்பாடம் வைத்திருக்கிறார்கள். நம் வாரச் சந்தை போலத்தான். எங்களுக்குச் சனிக்கிழமை வாய்த்தது. கூட்டம் என்றால் பனிமய மாதா தேர்க் கூட்டம். சிப்பி ஆம்லெட் சாப்பிட்டேன். மாவு பசைபோல இழுத்தது, எனக்கு ஒட்டவில்லை. சவப்பெட்டி ரொட்டி என்று ஒன்று உண்டு: தடிமனான ரொட்டியை எண்ணெயில் பொரித்து, நடுவே குடைந்து, பால் சேர்த்த கோழிக் குழம்பை ஊற்றி, குடைந்த துண்டையே மூடியாக வைக்கிறார்கள். பெயருக்காக ஒருமுறை சாப்பிடலாம். கையில் சில்லறை நோட்டு அவசியம். குப்பைத் தொட்டியைத் தேடி அலையாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அறைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை நாலேமுக்காலுக்கு எழுந்தேன். அண்ணன் போர்வைக்குள்ளிருந்து, "மாட்டுக்கு நான் வரலை" என்றார். அதே கடை. அதே பாட்டி. வெளியே ஏற்கெனவே பத்துப் பேர். ரோஸ் நிறக் கறி கிண்ணத்தில் சாறு பட்டதும் ஓரத்திலிருந்து பழுப்பாகிக்கொண்டே வந்தது. இஞ்சி நறுக்கியதும் கெட்டி சோயா சாஸும் தனித் தட்டில். அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். சூப் என்று சொல்கிறோமே தவிர, மசாலா வாடையே இல்லாத கறியின் ருசி அது. மிளகுத்தூள் தேடிய கையை நானே அடக்கிக்கொண்டேன். பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பத்து வீடு தள்ளி மீன் கஞ்சிக் கடை. இது பால்கெண்டை. நம்மூரிலும் கழிமுகத்தில் கிடைக்கும். முள் அதிகம் என்று வாங்க யோசிப்போம். இங்கே 222 முள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். குட்டை வெட்டி வளர்த்து, முள்ளை எடுத்துவிட்டு, வயிற்றுப் பகுதியை மட்டும் தனியாகக் கஞ்சியில் போட்டுத் தருகிறார்கள். வெண்ணெய்போல இருந்தது. தலை தனி, குடல் தனி, தோல் தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கொக்சிங்கா வந்திறங்கி "இதென்ன மீன்?" என்று கேட்டதே அதன் பெயராகிவிட்டது என்று ஒரு கதை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

பிறகு அண்ணனை எழுப்பிக்கொண்டு ஆன்பிங். சிக்கானிலிருந்து பஸ்ஸில் போனோம். அந்தக் காலத்தில் சிக்கான் கோட்டைக்கும் ஆன்பிங் கோட்டைக்கும் நடுவே கடல் இருந்ததாம். 1823 புயலில் அடித்து வந்த மண் அதைத் தூர்த்துவிட்டது. ஆன்பிங்கில் இருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1624இல் கட்டத் தொடங்கிய ஜீலாந்தியா கோட்டை. இப்போது பார்க்கும் மேடையும் கண்காணிப்புக் கோபுரமும் பிற்காலத்தவை. அசல் வேண்டுமென்றால் கீழே இறங்கி, ஆலமர வேர் ஏறிய அந்த ஒற்றைச் செங்கல் சுவரைப் போய்ப் பாருங்கள். செங்கல் பதேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கப்பலில் வந்தது. இடையில் பூசிய சாந்து சர்க்கரைப் பாகு, பசையரிசிக் கஞ்சி, சிப்பி சுட்ட சுண்ணாம்பு கலந்தது. நம் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ப்பார்கள் என்று நான் சொல்ல, அண்ணன் சுவரில் விரலை வைத்து நக்கிப் பார்ப்பதுபோல நடித்தார்.

அருங்காட்சியகத்தில் அந்தக் கம்பெனியின் சின்னம். V, O, C மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். எங்கள் ஊரில் அந்த மூன்று எழுத்துக்கு வேறு அர்த்தம். வ.உ.சி. துறைமுகம், வ.உ.சி. கல்லூரி, வ.உ.சி. மார்க்கெட். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயர். ஆனால் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்ததும் இதே டச்சு வி.ஓ.சி.தான். நாலு வருடம் கழித்து, 1662 பிப்ரவரியில், ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் இந்தக் கோட்டையை கொக்சிங்காவிடம் கொடுத்துவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள்.

கொஞ்ச தூரத்தில் மரவீடு. ஆலமரம் கூரையைத் தின்று, விழுதால் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய கிடங்கு. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பலகையைப் படித்தபோது அதுவும் ஒரு காலத்தில் உப்புக் கம்பெனியின் கிடங்கு.

உப்பளம் பெய்மென் பகுதியில், ஜிங்ட்சுசியாவ் என்ற இடத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே வடமேற்கே, கடலோரம். பஸ் மாறிப் போக வேண்டும், கூட்டமே இல்லாத வழி, அரிதாகத்தான் வண்டி. இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கடைசி பஸ் நேரத்தைப் போட்டோ எடுப்பது. எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

1818இலிருந்து இருக்கும் அளம். தைவானில் வெயில் உப்புத் தொழில் 2002இல் நின்றுபோனது. விலையில் வெளிநாட்டு உப்போடு போட்டிபோட முடியவில்லை. இப்போது இது பார்வைக்காக ஓடுகிறது. சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றிலும் கூம்பு கூம்பாக உப்பு, தண்ணீரில் இறங்கும் சூரியன். கல்யாணக் கவுனில் ஒரு பெண் பாத்தி வரப்பில் நிற்க, கேமராக்காரர் படுத்துக்கொண்டு எடுத்தார். குழந்தைகள் உப்பு வாரும் பலகையை இழுத்து விளையாடின. ஒரு அப்பா காசு கொடுத்து மகனுக்குக் காவடியில் உப்புக் கூடை தூக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. அம்மாவின் பாதத்தில் உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்புகள் இன்றைக்கும் மூடவில்லை.

வீடியோ கால் போட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். போனைப் பாத்திப் பக்கம் திருப்பினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அடியில என்னல அது? ஓடா?"

உண்மைதான். பாத்தியின் தரையில் உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கி நெருக்கமாகப் பதித்திருந்தார்கள். அதனால்தான் அதற்கு ஓட்டுப் பாத்தி என்று பெயர்.

"மண்ணு ஒட்டாம உப்பு வெள்ளையா வரும். கறுப்பா இருக்கதால சீக்கிரம் காயும்" என்றாள், யாரும் சொல்லாமலேயே. விளக்கப் பலகையிலும் ஏறத்தாழ அதுதான் எழுதியிருந்தது. "ஆனா கால் கிழிச்சுராதா? யாரு பதிச்சா? இப்பம் அங்க மழைக்காலம் இல்லையா?"

இங்கே மழை மே மாதத்துக்கு மேல்தான், குளிர்காலம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் என்றேன். நம்ம ஊருக்குத் தலைகீழ் என்றாள். ஐப்பசி அடைமழையில் அளம் மூடி, தை பிறந்து பாத்தி மிதிக்கிற கணக்கு அவளுடையது. கூலி என்ன, பெண்களுக்கும் அதே கூலியா, கண் கூசாமலிருக்கக் கண்ணாடி கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். எனக்குத் தெரிந்தது பாதி. தெரியாததை அங்கே வேலை பார்த்த ஒரு தாத்தாவிடம் கேட்டு, அவர் சொன்ன சீனத்தை அண்ணன் தமிழாக்கி, அம்மா அதற்கு மறு கேள்வி போட்டு, தாத்தாவுக்கு உற்சாகம் வந்து, போனை வாங்கி ஒரு பிடி உப்பை அம்மாவிடம் காட்டினார். அம்மாவும் எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்துவந்து காட்டினாள். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ரோட்டில் பஸ் போனது. ஓடினோம். நிற்கவில்லை. மணியைப் பார்த்தால் சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறது.

டாக்ஸிக்குக் கால் மணி நேரம் போனோடு மல்லுக்கட்டி, சின்யிங் ரயில் நிலையத்துக்குப் போனோம். இரண்டு நாள் சாப்பாட்டுக்குச் செலவழித்ததில் முக்கால்வாசியை அந்த ஒரு டாக்ஸி வாங்கிக்கொண்டது. ஞாயிறு இரவு வடக்கே போகும் ரயில்களில் இடம் கிடைக்காது. மாணவர்கள் எல்லோரும் திரும்பும் நேரம். ஊருக்குக் கிளம்பும் முன்பே திரும்பும் டிக்கெட் எடுக்காதது எங்கள் தப்பு. இருக்கை இல்லாத டிக்கெட் கொடுத்தார்கள். கதவோரம் நின்றுகொண்டே சிஞ்சு வரை வந்தோம். அண்ணன் பையிலிருந்து பூசணி டீ கட்டியை எடுத்து உடைத்து எனக்கொரு துண்டு கொடுத்தார்.

தாத்தா கொடுத்த உப்பு ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"காரல் இல்ல" என்றாள். டாக்ஸிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.